செக்குக்கு அப்பால் வ.உ.சி.

வ.உ.சி. என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவன இரண்டு: கப்பல், செக்கு. தமிழ்ப்பள்ளி நாள்களில் எனக்கும் அவ்வளவுதான் தெரியும். சுங்கை பினாங்கில் வளர்ந்த எனக்கு, 1849இல் கட்டப்பட்ட பினாங்குச் சிறையின் உயர்ந்த மதில் பழகிய காட்சி. மதிலுக்குள் மனிதர்கள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்ற கேள்விதான் என்னை வ.உ.சி.யின் சுயசரிதைக்குக் கொண்டு சென்றது.

அவர் 1872 செப்டம்பர் 5ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சி அதற்குப் பக்கத்து ஊர். பாளையக்காரர் போரில் பிடிபட்ட சின்ன மருதுவின் மகன் துரைசாமி உள்ளிட்ட 73 பேரை 1802இல் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றி நம் பினாங்குத் தீவுக்குத்தான் நாடு கடத்தினார்கள். அதே துறைமுகத்தில் 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார் வழக்கறிஞர் வ.உ.சி.

1908 மார்ச்சில் கைதானார். நீதிபதி பின்ஹே விதித்தது இரட்டை ஆயுள் தண்டனை. செய்தி கேட்ட தம்பி மீனாட்சிசுந்தரத்துக்குச் சித்தம் கலங்கியது. பிறகு தெளியவே இல்லை. சிறை வெளியிலிருப்பவரையும் விடுவதில்லை போலும்! மேல்முறையீட்டில் தண்டனை வெகுவாகக் குறைந்தது.

கோவைச் சிறையில் சணல் இயந்திரம் சுற்றிக் கைத்தோல் உரிந்தது, பிறகு செக்கு. ஆனால் என்னை அதிகம் உலுக்கியது வேறொரு நிகழ்ச்சி. ஒரு கைதி வ.உ.சி.யைக் கண்டு கைகூப்பினார். வெறும் வணக்கம்தான். ஜெயிலர் மிஞ்சேல் அதைப் பொறுக்காமல் சீறினார். அந்தக் கைதி ஜெயிலரைக் கொல்லவே துணிந்தார், வ.உ.சி. தடுத்தார். ஆயினும் உள்ளே புகைந்தது அடங்கவில்லை. கைதிகள் கலகம் செய்து ஜெயிலரைத் தாக்கினர், துப்பாக்கிகள் முழங்கின. ஒழுங்கைக் காப்பதாக எண்ணிய அதிகாரியே ஒழுங்கைக் குலைத்தார் என்பேன்.

இங்கிலாந்தில் அலிசன் லீப்லிங் போன்றோர் நடத்திய ஆய்வுகளும், கைதிகளை மதித்து நியாயமாக நடத்தும் சிறைகளில் மன உளைச்சலும் தற்கொலையும் குறைவதைக் காட்டியுள்ளன.

1910இல் வ.உ.சி. கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றப்பட்டார். அங்கே உடனிருந்த கைதிகள் நல்வழி சொல்லித் தரக் கேட்டனர். பழைய நீதி நூல்கள் அவர்களுக்குக் கடினமாக இருக்கவே, எளிய ஓரடிகளால் தாமே ஒரு நூல் செய்தார். 1914இல் வெளிவந்த ‘மெய்யறம்’ அதுதான். கலகக்காரன் என்று அரசு அஞ்சியவரிடம் திருடனும் கொலைகாரனும் பாடம் கேட்டிருக்கிறார்கள்! செக்கைப் பாடுகிறோம், இதை ஏனோ நாம் பேசுவதில்லை.

1912 டிசம்பரில் விடுதலை. வாசலில் பெருங்கூட்டம் இல்லை. சிறையிலேயே தொழுநோய் பற்றிய சுப்பிரமணிய சிவா வந்திருந்தார். வழக்கறிஞர் உரிமம் பறிபோயிருந்ததால் சென்னையில் கடை வைத்தும் பிழைத்தார். பல ஆண்டுகளுக்குப் பின் வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதியின் உதவியால் உரிமம் திரும்பக் கிடைத்தது.

1936 நவம்பர் 18இல் மறைந்த வ.உ.சி., தம் மகன் ஒருவருக்கு அந்த நீதிபதியின் நினைவாக வாலேஸ்வரன் என்று பெயர் சூட்டியிருந்தார்.