மணலில் கற்ற பாடம்

ஆண்டு முழுவதும் நாம் பிள்ளைகளுக்குத் தேர்வு வைக்கிறோம். நம் கற்பித்தலுக்குத் தேர்வு வைப்பது யார்? இதற்கு விடை தேடிய ஒருவர் நம் சென்னையிலேயே வாழ்ந்தார்.

1753-இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் பிறந்த ஆண்ட்ரூ பெல், ஆங்கிலிக்கன் திருச்சபையின் குரு. 1787-இல், துறைமுகம் இல்லாத அந்நாளைய சென்னைக் கரையில் வந்திறங்கினார். 1789-இல் எழும்பூரில், படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான இல்லத்தின் பொறுப்பை ஏற்றார். அப்பணிக்கு ஊதியம் வேண்டாம் என்று மறுத்துவிட்டார்.

சிறு வகுப்புப் பிள்ளைகள் எழுத்து கற்கவே திணறினார்கள். அவர்களை மந்தமானவர்கள் என்று ஒதுக்காமல், கற்பிக்கும் முறையில் குறை உண்டா என்று பார்த்தார் பெல். ஒருநாள் காலை குதிரையில் போகும்போது, நம் ஊர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். படித்த வெளிநாட்டவராகிய அவர், அந்த எளிய பள்ளியிடம் கற்றுக்கொள்ளத் தயங்கவில்லை.

ஆனால் அவருடைய உதவி ஆசிரியர்கள் இது நடக்காது என்றார்கள். எனவே ஜான் பிரிஸ்கன் என்ற ஏறக்குறைய எட்டு வயது மாணவனிடம் அகரவரிசை வகுப்பை ஒப்படைத்தார். வகுப்பு முன்னேறியது. மற்றச் சிறு வகுப்புகளுக்கும் மாணவர்களே ஆசிரியரானார்கள். அன்றாடம் எவ்வளவு பாடம் முடிந்தது என்பதைப் பதிவேட்டில் குறித்துவைக்கச் செய்தார்.

1796-இல் தாயகம் திரும்பினார். மறு ஆண்டு அவர் வெளியிட்ட அறிக்கையால் இம்முறை 'மெட்ராஸ் முறை' என்று பெயர் பெற்றுப் பல நாடுகளுக்குப் பரவியது. 1832-இல் மறைந்த அவர், இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

குறையும் உண்டு. ஒரே ஆசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கானோருக்குக் குறைந்த செலவில் பாடம் நடத்தும் வழியாக இம்முறை பின்னாளில் பயன்பட்டது. மனப்பாடமே மிஞ்சியது. பிள்ளைகளிடம் கற்ற பெல், தம் உடன் ஆசிரியர்களை இணங்க வைக்க முடியாமற்போனதும் நமக்கு எச்சரிக்கை.

இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும், கடலுக்கும் ஆலைக்கும் போகிறவர்களின் பிள்ளைகள் நம் வகுப்பில் இருக்கிறார்கள். கடைசி வரிசைப் பிள்ளையிடம் இன்று எது புரியவில்லை என்று கேட்போம். பக்கத்து வகுப்பு ஆசிரியரை அழைத்து நம் பாடத்தைக் கவனிக்கச் சொல்வோம். பதில் சற்றுக் கசக்கலாம். ஆனால் நாம் கேட்காமல் விட்டால், அதன் விலையைக் கொடுப்பது அந்தப் பிள்ளைதான்.