முத்துசுவாமி தீட்சிதர்

முத்துசுவாமி தீட்சிதர் (1776 - 1835) கருநாடக இசையின் மும்மூர்த்திகளுள் ஒருவர், வீணைக் கலைஞர். பிறந்த ஆண்டை 1775 எனக் குறிப்பிடுவோரும் உளர். இவரது பாடல்களின் நிதான நடையும் நீண்ட கமகங்களும் வீணை வாசிப்போடு நெருங்கிய தொடர்புடையவை. திருச்சிராப்பள்ளி, திருவானைக்காவல், திருவரங்கம் ஆகிய தலங்களின் மீது இவர் இயற்றிய பாடல்கள் இதற்கு எடுத்துக்காட்டுகள்.

வாழ்க்கை

தீட்சிதர் திருவாரூரில் பிறந்தார். தந்தை இராமசுவாமி தீட்சிதர் ஹம்சத்வனி இராகத்தை உருவாக்கியவர். குடும்பம் சென்னையை அடுத்த மணலியில் வாழ்ந்த காலத்தில் ஐரோப்பிய இசையைக் கேட்கும் வாய்ப்புக் கிட்டியது. தம்பி பாலுசுவாமி வயலின் கற்றார். முத்துசுவாமி மேலைநாட்டு இசைக்குச் சமசுகிருதப் பாடல் வரிகளை அமைத்தார். இவை நோட்டுசுவரங்கள் எனப்படுகின்றன. சிதம்பரநாத யோகியுடன் காசிக்குச் சென்று சில ஆண்டுகள் தங்கியபோது இந்துஸ்தானி இசையையும் அறிந்தார். கங்கையில் இவருக்கு ஒரு வீணை கிடைத்தது என்பது மரபுவழிச் செய்தி. 1835 தீபாவளி நாளில் எட்டயபுரத்தில் காலமானார்.

வீணை நுட்பம்

வீணையில் மெழுகின் மேல் பதிக்கப்பட்ட 24 மெட்டுகள் உள்ளன. ஸ்பானிய கிட்டாரிலும் மெட்டுகள் உண்டு. ஆயினும் கிட்டார் கலைஞரிடையே பெரிதும் பேசப்படும் வேறுபாடு வலக்கையைப் பற்றியது: பிரான்சிஸ்கோ தாரேகா தம் இறுதிக் காலத்தில் நகமின்றி விரல் நுனியால் மீட்டினார், ஆந்த்ரே செகோவியா நகத்தைப் பயன்படுத்தினார். வீணையில் பாணியைக் காட்டிக் கொடுப்பது பெரும்பாலும் இடக்கையே. ஒரு சுவரத்தை அதற்குரிய மெட்டில் நேராகத் தொடலாம். வேறு மெட்டிலிருந்து சறுக்கி வந்து அடையலாம் (ஜாரு). கீழ் மெட்டில் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தும் எட்டலாம் (ஒதுக்கல்). எழுதும்போது மூன்றும் ஒரே எழுத்துதான். கேட்கும்போது மூன்றும் வேறு வேறு.

திருச்சிராப்பள்ளிப் பாடல்கள்

மலைக்கோட்டைத் தாயுமானவர் மீது கன்னட இராகத்தில் ஸ்ரீ மாத்ருபூதம் என்ற பாடலை இயற்றினார். மாத்ருபூதம் என்பது தாயுமானவர் என்னும் பெயரின் வடமொழி வடிவம். திருவானைக்காவலுக்குரிய ஜம்பூபதே, பஞ்சபூதத் தலப் பாடல்களுள் நீருக்குரியது. இது அமைந்துள்ள யமுனா கல்யாணி இந்துஸ்தானி இசையோடு உறவுடைய இராகம். திருவரங்கத்து அரங்கநாதர் மீதான ரங்கநாயகம், நாயகி இராகத்தில் அமைந்தது. அண்டை இராகமான தர்பாரிலிருந்து நாயகியைப் பிரித்துக் காட்டுவது பெரிதும் காந்தார, நிஷாதங்களை அசைக்கும் விதமே. மெட்டின் மேல் விரலை வெறுமனே வைத்து வாசித்தால் இப்பாடலில் நாயகி மிஞ்சாது.

பாடல்கள் காக்கப்பட்ட முறை

சுவரங்களை மட்டும் எழுதி வைத்திருந்தால் இந்த அசைவுகள் மறைந்திருக்கக்கூடும். பாலுசுவாமியின் மகள் வயிற்றுப் பேரனும் அவரால் தத்தெடுக்கப்பட்டவருமான சுப்பராம தீட்சிதர், 1904 இல் எட்டயபுரத்திலிருந்து சங்கீத சம்பிரதாய பிரதர்சினி என்னும் நூலைத் தெலுங்கில் வெளியிட்டார். அதில் கமக வகைகளுக்குத் தனித்தனிக் குறியீடுகள் தரப்பட்டுள்ளன. அவற்றுள் பல வீணையில் விரல் செல்லும் வழியைக் கொண்டே விளக்கப்பட்டுள்ளன. மேற்கூறிய மூன்று பாடல்களும் அந்நூலில் இடம்பெற்றுள்ளன. மேடைகளில் இன்று பாடப்படும் வடிவங்கள் சில இடங்களில் அதிலிருந்து வேறுபடுகின்றன.