நாடகப் பேராசிரியர் பம்மல் சம்பந்தனார்

முத்தமிழுள் நாடகத்திற்கும் இடமளித்த தமிழ்ச் சமூகம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நடிப்போரைக் ‘கூத்தாடிகள்’ என்று இகழ்ந்து ஒதுக்கியது. கதைப்போக்கு ஒன்றாகவும் இடையிடையே புகுத்தப்படும் பாடல்கள் வேறாகவும் அமைய, விடிய விடிய நாடகங்கள் நடைபெற்றன. கற்றவர்கள் மேடைப்பக்கம் செல்லத் தயங்கினர். அத்தயக்கத்தை நீக்கியவர்களுள் முதன்மையானவர் பம்மல் சம்பந்தனார்.

அவர் 1873ஆம் ஆண்டு சென்னை ஆச்சாரப்பன் தெருவில், விஜயரங்கர் – மாணிக்கவேலம்மாள் இணையரின் மகனாகப் பிறந்தார். தந்தையார் கல்வித்துறையில் பணியாற்றியவர். தமிழ் நூல்களைப் பதிப்பித்தவர். நூல்களுக்கிடையே வளர்ந்த சம்பந்தனாருக்கு ஆங்கில நாடகங்களில் ஈடுபாடு மிகுந்திருந்தது. தமிழ் நாடகங்களின் மீதோ வெறுப்பே இருந்தது.

அவ்வெறுப்பை மாற்றியது 1891ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒரு நிகழ்வு. பல்லாரி கிருஷ்ணமாச்சாரியாரின் குழுவினர் சென்னையில் தெலுங்கு நாடகங்களை நடத்தினர். மேடையில் தோன்றியவர்களுள் கற்றவர்களும் சமூகத்தில் மதிப்புடன் வாழ்ந்தவர்களும் இருந்தனர். அதனைக் கண்ட சம்பந்தனார், குறை நாடகக்கலையில் இல்லை. அதனைக் கற்றவர் கைவிட்டதில்தான் உள்ளது என உணர்ந்தார். தெலுங்கில் இயன்றது தமிழிலும் இயலும் என்னும் உறுதியோடு, அவ்வாண்டு சூலைத் திங்களிலேயே நண்பர்களுடன் இணைந்து ‘சுகுண விலாச சபை’யைத் தோற்றுவித்தார். அப்போது அவருக்கு வயது பதினெட்டு.

சபை தோன்றியது, நடிப்பதற்கு ஏற்ற தமிழ் நாடகங்கள் போதுமான அளவில் இல்லை. எனவே, அவரே எழுதத் தொடங்கினார். ‘புஷ்பவல்லி’, ‘லீலாவதி – சுலோசனா’, ‘மனோகரா’, ‘சபாபதி’ எனத் தொடர்ந்த அவர்தம் நாடகங்கள் தொண்ணூற்றுக்கும் மேற்பட்டவை. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டை ‘அமலாதித்யன்’ என்றும், வெனிஸ் நகர வணிகனை ‘வாணீபுர வணிகன்’ என்றும் தமிழாக்கினார். வடமொழியில் காளிதாசர் இயற்றிய நாடகங்களையும் தமிழுக்குக் கொணர்ந்தார். இடப்பெயர்களும் மாந்தர் பெயர்களும் தமிழ்ச்செவிக்கு இசைந்தமையால், அயல்நாட்டுக் கதைகளும் மேடையில் அயன்மை நீங்கி ஒலித்தன.

அவர் நாடகத்தை நூலாகவும் நிகழ்வாகவும் கருதினார். ‘மனோகரா’வில் தாய்க்கு அளித்த வாக்கினால் தன் சினத்தை அடக்கும் மகனின் துயரைப் படித்து உணரலாம். அதே மகன் அரசவையில் சங்கிலியால் பிணைக்கப்பட்டு நிற்கையில், சொல்லோடு உடலும் பேசவேண்டும். அக்காட்சியில் வரும் மௌனத்தின் நீளத்தை ஏடு காட்டாது, நடிகரே காட்டவேண்டும். இதனை நன்குணர்ந்த சம்பந்தனார், எழுதியதோடு நில்லாமல் மனோகரனாக நடித்தார்; பிறரையும் பயிற்றுவித்தார். உரையாடலை முழுமையாக மனப்பாடம் செய்தல், முறையாக ஒத்திகை பார்த்தல், குறித்த நேரத்தில் தொடங்கி முடித்தல் ஆகிய ஒழுங்குகளைச் சபையில் நிலைநாட்டினார். நடிப்புக்கலையில் தேர்ச்சி பெறும் வழியை விளக்கித் தனிநூலும் எழுதினார்.

இவற்றால் சமூகத்தின் பார்வை மெல்ல மாறியது. வழக்கறிஞர்களும் அலுவலர்களும் வேடம் புனைய முன்வந்தனர். நாட்டு விடுதலைக்குப் போராடிய சத்தியமூர்த்தியும் அச்சபையின் மேடையில் நடித்தார். எனினும், அக்கால வழக்கப்படி பெண் வேடங்களை ஆண்களே ஏற்றனர். சம்பந்தனாரோடு தலைவியாகப் பல்லாண்டு நடித்த ரங்கவடிவேலு ஒரு வழக்கறிஞர். அந்நண்பரின் மறைவு அவரது கலைவாழ்வில் ஆறாத இழப்பாயிற்று.

சம்பந்தனாரும் வழக்கறிஞரே. 1924 முதல் 1928 வரை சென்னைச் சிறுவழக்கு நீதிமன்றத்தின் நீதிபதியாகவும் விளங்கினார். நாடகம் அவருக்குப் பிழைப்பன்று. விரும்பி ஏற்ற கடமை. தம் பட்டறிவை ‘நாடக மேடை நினைவுகள்’ என்னும் நூலில் பல பாகங்களாகப் பதிவு செய்தார். வெற்றிகளோடு தம் பிழைகளையும் மறைக்காமல் எழுதியமையால், அந்நூல் தமிழ் நாடக வரலாற்றுக்கு நம்பத்தகுந்த சான்றாகத் திகழ்கிறது.

இந்திய அரசு 1959ஆம் ஆண்டு அவருக்குப் ‘பத்மபூஷண்’ விருது வழங்கியது. 1964ஆம் ஆண்டு அவர் மறைந்தார். ஒரு காலத்தில் தமிழ் நாடகத்தை வெறுத்த அவரையே இன்று தமிழுலகம் ‘தமிழ் நாடகத் தந்தை’ எனப் போற்றுகிறது. குறை கண்டவிடத்து விலகிச் செல்லாமல், அதனைக் களையும் பொறுப்பைத் தாமே ஏற்றதனால் அவர் பெற்ற பெயர் அது.