கடல் கடந்த தோழமையால் கொல்கத்தாவுக்கு உதவிய சகோதரி நிவேதிதா

கொல்கத்தாவில் 1899-ஆம் ஆண்டு பிளேக் நோய் பரவியபோது, பாக்பஜார் சந்துகளைத் துப்புரவு செய்ய ஆள் கிடைக்கவில்லை. தாமே துடைப்பத்துடன் தெருவில் இறங்கினார் சகோதரி நிவேதிதா. அதைக் கண்டு நாணிய இளைஞர்கள் அவருடன் சேர்ந்துகொண்டனர்.

வட அயர்லாந்தின் டங்கானன் நகரில் 1867 அக்டோபர் 28-இல் பிறந்த மார்கரெட் நோபிள், விவேகானந்தரின் அழைப்பை ஏற்று 1898 ஜனவரியில் கொல்கத்தா வந்தார். அவ்வாண்டு நவம்பரில் பாக்பஜாரில் அவர் நிறுவிய பெண்கள் பள்ளியை அன்னை சாரதா தேவி தொடங்கி வைத்தார். பள்ளியை நடத்தப் போதிய பணமில்லை. எனவே 1899-இல் மீண்டும் கடல் கடந்து, அமெரிக்காவில் ஊர் ஊராகச் சொற்பொழிவாற்றி நிதி திரட்டினார். அமெரிக்கத் தோழியரான சாரா புல், ஜோசபின் மெக்லவுட் ஆகியோர் துணை நின்றனர். மற்றொரு தோழி கிறிஸ்டின் கிரீன்ஸ்டைடல் கொல்கத்தாவுக்கே வந்து ஆசிரியையானார். நிவேதிதாவின் தொண்டைப் போற்றுவோரும் இப்பெண்களை அரிதாகவே நினைவுகூர்கின்றனர்.

கிழக்கு வங்கத்தைப் பஞ்சமும் வெள்ளமும் தாக்கிய 1906-இல், படகில் சென்று மக்களின் துயரைக் கண்டு எழுதினார். திரும்பிய அவரை மலேரியா வாட்டியது.

டம்டமில் அவரைச் சந்தித்த பாரதியாரிடம், மனைவியை ஏன் உடன் அழைத்து வரவில்லை என வினவினார். பெண் விடுதலை குறித்த பாரதியாரின் எண்ணத்தை அச்சந்திப்பு மாற்றியது. 1908-இல் வெளியான 'சுதேச கீதங்கள்' நூலை நிவேதிதாவுக்கே அவர் காணிக்கையாக்கினார்.

டார்ஜிலிங்கில் 1911 அக்டோபர் 13-இல், 43-ஆம் வயதில் நிவேதிதா காலமானார். அவர் நிறுவிய பள்ளி பாக்பஜாரில் இன்றும் இயங்கி வருகிறது.