செம்மண் ஆடுகளத்தின் வீராங்கனை

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரம், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கு இயங்கிய செங்கல் சூளைகளால் அப்பெயரைப் பெற்றது. செங்கல்லைக் கொண்டு வீடு கட்டலாம். விளையாட்டுக் களமும் அமைக்கலாம். பாரிஸ் நகரில் ஆண்டுதோறும் நடைபெறும் பிரெஞ்சுப் பொது டென்னிஸ் போட்டியின் ஆடுகளங்களில் செங்கற்பொடியே பரப்பப்படுகிறது. இத்தகைய செம்மண் களத்தில் பந்தின் வேகம் குறையும். பந்து உயரமாக எழும்பும். அதனால், ஒரு புள்ளியைப் பெறுவதற்கே நெடுநேரம் ஓடி ஆட வேண்டியிருக்கும்.

இப்போட்டியின் ஆண்கள் ஒற்றையர் பிரிவில் ரஃபேல் நடால் 14 முறையும் மகளிர் ஒற்றையர் பிரிவில் கிறிஸ் எவர்ட் 7 முறையும் வாகை சூடியுள்ளனர். ஆயினும், மகளிர் ஒற்றையர் வெற்றிக் கிண்ணம் சூசான் லெங்லென் என்பவரின் பெயரைத் தாங்கியுள்ளது. 1925இல் இப்போட்டி பிற நாட்டவருக்கும் திறந்துவிடப்பட்ட பிறகு, அவர் வென்றது 2 முறை மட்டுமே. பிறகு ஏன் அவருக்கு இந்தச் சிறப்பு?

சூசான் 1899ஆம் ஆண்டு மே 24ஆம் நாள் பாரிசில் பிறந்தார். சிறுவயதில் ஆஸ்துமா நோயால் அடிக்கடி அவதியுற்றார். மகளின் உடல் வலுப்பெற வேண்டும் என்று எண்ணிய தந்தை சார்ல்ஸ், 1910இல் அவருக்கு ஒரு டென்னிஸ் மட்டையை வாங்கித் தந்தார். ஆடுகளத்தின் பல இடங்களில் கைக்குட்டைகளை வைத்து, பந்தை அவற்றின்மீது விழுமாறு அடிக்கப் பழக்கினார். நாள்தோறும் தொடர்ந்த இப்பயிற்சி, குறிதவறாத ஆட்டத்தைச் சூசானுக்குக் கற்றுத் தந்தது.

1914இல், 15 வயதிலேயே அவர் உலகச் செம்மண் களப் போட்டியில் வென்றார். அதே ஆண்டு முதலாம் உலகப் போர் மூண்டதால் பெரிய போட்டிகள் தடைபட்டன. போர் முடிந்தபின், 1919இல் விம்பிள்டன் பட்டத்தை வென்றார். அன்றைய பெண்கள் இறுக்கமான உள்ளாடையும் நீண்ட பாவாடையும் அணிந்து ஆடினர். சூசானோ, ஓடித் தாவ ஏதுவாகக் கையில்லாத, குட்டையான உடையை அணிந்தார். பலர் முகஞ்சுளித்தனர், பின்னர் அவ்வழியையே பலர் பின்பற்றினர். அவர் மொத்தம் 6 முறை விம்பிள்டன் ஒற்றையர் பட்டத்தை வென்றார். 1920 ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் 2 தங்கப் பதக்கங்களையும் பெற்றார்.

அக்காலத்தில் ஆட்டத்திற்கு ஊதியம் பெறுபவர்கள் பெரும் போட்டிகளில் பங்கேற்க முடியாது. சூசானைக் காண அரங்கு நிறைந்தது. நுழைவுச்சீட்டுப் பணமோ போட்டியை நடத்தியவர்களைச் சென்றடைந்தது. செல்வந்தர்கள் மட்டுமே கவலையின்றி ஆடக்கூடிய இம்முறை நேர்மையற்றது என்று அவர் கருதினார். 1926இல் பிரெஞ்சுப் போட்டியின் இறுதியாட்டத்தில் மேரி பிரவுனை 6-1, 6-0 என்ற கணக்கில் வீழ்த்தினார். அதே ஆண்டில், 27 வயதில், ஊதியம் பெற்று ஆடும் தொழில்முறை வீராங்கனையாக மாறி அமெரிக்காவிற்குச் சென்றார்.

அம்முடிவுக்கு அவர் கொடுத்த விலை பெரிது. விம்பிள்டன், பிரெஞ்சுப் போட்டிகளின் கதவுகள் அவருக்கு மூடப்பட்டன. 1928இல் ரோலண்ட் காரோஸ் அரங்கம் திறக்கப்பட்டபோது, பிரான்சின் தலைசிறந்த வீராங்கனையால் அங்கு நடந்த பிரெஞ்சுப் போட்டியில் களமிறங்க முடியவில்லை. இன்னும் பல பட்டங்களைச் சேர்த்திருக்கக்கூடிய அவரது கணக்கு அத்துடன் நின்றது. பின்னாளில் அவர் டென்னிஸ் பள்ளி நடத்தி இளையோருக்குப் பயிற்சி அளித்தார். 1938ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள், 39ஆவது வயதில், நோயுற்று மறைந்தார்.

அவர் மறைந்து 30 ஆண்டுகளுக்குப் பின், 1968இல், பிரெஞ்சுப் போட்டி தொழில்முறை ஆட்டக்காரர்களை வரவேற்றது. நான்கு முதன்மை டென்னிஸ் போட்டிகளுள் அவ்வாறு முதலில் செய்தது அதுவே. இன்று ரோலண்ட் காரோசின் இரண்டாவது பெரிய ஆடுகளமும் சூசானின் பெயரைக் கொண்டுள்ளது. திறமைக்கும் உழைப்புக்கும் உரிய ஊதியத்தைப் பெற்று, இன்றைய வீராங்கனைகள் அவர் பெயர் தாங்கிய கிண்ணத்தை உயர்த்திப் பிடிக்கின்றனர்.