மங்கலையே மொழியாக்கிய கேமரூன்: கொல்கத்தாவில் பிறந்த ஒளிப்படக் கலைஞர்

கொல்கத்தாவில் 1815-ஆம் ஆண்டு ஜூன் 11-இல் பிறந்தவர் ஜூலியா மார்கரெட் கேமரூன். அவரது 48-ஆவது வயதில் மகளும் மருமகனும் ஒரு புகைப்படக் கருவியைப் பரிசளித்தனர். அதுவே அவரது வாழ்வின் திருப்புமுனையானது.

இங்கிலாந்தின் வைட் தீவில் வசித்த அவர், கோழிக்கூடத்தைப் படப்பிடிப்புக் கூடமாகவும், நிலக்கரி அறையை இருட்டறையாகவும் மாற்றினார். கண்ணாடித் தகட்டில் பூசிய ரசாயனம் உலர்வதற்குள் படமெடுத்துக் கழுவ வேண்டிய காலம் அது. எதிரில் அமர்ந்தவர்கள் நீண்ட நேரம் அசையாதிருக்க வேண்டும்.

கூர்மையான படமே நல்ல படம் எனக் கருதப்பட்ட நாளில், அவர் வேண்டுமென்றே மங்கலான படங்களை எடுத்தார். புகைப்பட வல்லுநர்கள் அதைத் தொழில் தெரியாமை என எள்ளினர். அவருக்கோ, தோற்றத்தைக் கடந்து அகத்தைக் காட்டும் வழி அது.

தாய்மையும் இறைபக்தியுமே அவரது முதன்மைக் கருப்பொருள்கள். வீட்டுப் பணிப்பெண் மேரி ஹில்லியர் அவரது படங்களில் அன்னை மரியாளானார். சிறுமியர் சிறகணிந்து தேவதைகளாயினர். வானியலாளர் ஜான் ஹெர்ஷலின் முகம் இருளிலிருந்து ஒளியாக எழுந்தது. அங்கு ஒளியே அறிவின் உருவகம்.

லண்டனின் சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகம் 1865-லேயே அவரது படங்களை வாங்கியது. கணவருக்குக் காப்பித் தோட்டங்கள் இருந்த இலங்கைக்கு 1875-இல் குடிபெயர்ந்தார். அங்கு தோட்டத் தொழிலாளர்களையும் கிராமத்தாரையும் படமெடுத்தார். 1879 ஜனவரி 26-இல் அங்கேயே மறைந்தார்.

அன்று குறையெனப் பழிக்கப்பட்ட அந்த மங்கலே இன்று அவரது முத்திரையாகப் போற்றப்படுகிறது.