பட்டறையே பள்ளி

நுழையும்முன்

ஒரு மாணவனின் கல்வியை எதைக் கொண்டு அளப்பது? அவன் வகுப்பறையில் கழித்த ஆண்டுகளைக் கொண்டா, அவன் செய்யக் கற்ற செயல்களைக் கொண்டா? பள்ளிப் படிப்பை இடையிலேயே நிறுத்திய ஒருவர், பின்னாளில் பொறியியல் கல்லூரியின் முதல்வராக அமர்ந்து இவ்வினாவை எழுப்பினார். அவ்வினாவின் பொருட்டே அப்பதவியைத் துறக்கவும் செய்தார். அவரே கோவை தந்த அறிவியல் மேதை ஜி.டி. நாயுடு.

இயந்திரம் காட்டிய வழி

கோபாலசாமி துரைசாமி நாயுடு, கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் 1893ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் உழவர் குடும்பத்தில் பிறந்தார். இளமையிலேயே தாயை இழந்தார். பள்ளிப் பாடங்களில் அவர் மனம் செல்லவில்லை. படிப்பு தொடக்க நிலையிலேயே நின்றது. வயல் வேலையில் நாள்கள் கழிந்தன.

ஒருநாள் வெள்ளைக்கார அலுவலர் ஒருவர் ஓட்டிவந்த மோட்டார் சைக்கிள் அவர் கண்ணில் பட்டது. மாடும் குதிரையும் இன்றித் தானே ஓடும் வண்டியின் உள்ளே இருப்பது யாது என்னும் வினா அவரை விடவில்லை. விடை காண வேண்டுமெனில் வண்டி வேண்டும். வண்டி வாங்கப் பணம் வேண்டும். கோவைக்குச் சென்று உணவகம் ஒன்றில் பரிமாறுபவராகப் பணியாற்றி, சிறுகச் சிறுகச் சேர்த்த 300 ரூபாயைக் கொடுத்து அவ்வண்டியை வாங்கினார். உறுப்பு உறுப்பாகப் பிரித்தார், மீண்டும் பூட்டினார். பிழை நேர்ந்தால் வண்டி ஓடாது. சரியாகச் செய்தால் ஓடும். தேர்வும் மதிப்பீடும் அவ்வண்டிக்குள்ளேயே இருந்தன. ஆசிரியரும் பாடநூலுமின்றி அவர் கற்ற முதற்பாடம் அதுவே.

பேருந்தும் பட்டறையும்

1920ஆம் ஆண்டு, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்தைத் தாமே ஓட்டிப் போக்குவரத்துத் தொழிலைத் தொடங்கினார். அத்தொழில் யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் எனப் பெயர் பெற்றுப் பெருகியது. வண்டிகள் பெருகவே, அவற்றைப் பழுது பார்க்கும் பட்டறையும் வளர்ந்தது. பயணச்சீட்டு அச்சிடும் கருவி முதலியன அவரது முயற்சியால் உருவாயின. தொழிலில் எழுந்த ஒவ்வோர் இடர்ப்பாட்டையும் விடுவிக்க வேண்டிய கணக்காகவே அவர் கருதினார்.

கிணற்றடிக்கு வந்த மின்சாரம்

கொங்கு நாடு மழை குறைந்த பகுதி, கிணறுகள் ஆழமானவை. மாடுகளைப் பூட்டிக் கமலை இறைத்தே உழவர்கள் பயிரைக் காத்தனர். 1932ஆம் ஆண்டு பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபின் கோவைப் பகுதிக்கு மின்சாரம் வந்தது. ஆயினும் மின் மோட்டார்களை அயல்நாடுகளிலிருந்தே தருவிக்க வேண்டியிருந்தது. இந்நிலையில், 1937ஆம் ஆண்டு டி. பாலசுந்தரம் நாயுடுவின் துணையோடு இந்தியாவிலேயே மின் மோட்டாரை உருவாக்கினார். பம்புசெட்டுத் தொழிலில் கோவை பெற்றுள்ள சிறப்புக்கு இடப்பட்ட தொடக்ககால அடித்தளங்களுள் இதுவும் ஒன்று.

அதே ஆண்டு அக்டோபர்த் திங்களில் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில், சிறுவர் கல்வி கைத்தொழில் வழியாகவே அமைதல் வேண்டும் என்னும் ஆதாரக் கல்வித் திட்டத்தைக் காந்தியடிகள் முன்வைத்தார். காந்தியடிகள் இராட்டையை முதன்மைப்படுத்தினார். நாயுடு இயந்திரத்தை நாடினார். வழிகள் வேறாயினும், கையும் அறிவும் பிரிந்து நிற்கும் கல்வி நாட்டுக்கு உதவாது என்பதில் இருவர் நெறியும் ஒன்றின.

> தெரிந்து தெளிவோம்
> சிறிய மோட்டாரால் இயங்கும் சவரக் கருவி, மண்ணெண்ணெயில் இயங்கும் விசிறி, பழச்சாறு பிழியும் கருவி, ஒளிப்படக் கருவிக்கான தொலைவு சரிசெய்யும் கருவி, குறைந்த விலை வானொலிப் பெட்டி ஆகியன ஜி.டி. நாயுடு உருவாக்கியவற்றுள் சில.

நான்கு ஆண்டுகளா, இரண்டு ஆண்டுகளா?

1944ஆம் ஆண்டு போக்குவரத்துத் தொழிலின் நேரடிப் பொறுப்பிலிருந்து விலகிய நாயுடு, தம் செல்வத்தைக் கல்விக்கும் ஆய்வுக்கும் தொழிலாளர் நலனுக்கும் செலவிட முன்வந்தார். அவரது கொடையால் 1945ஆம் ஆண்டு கோவையில் தொழில்நுட்பப் பயிலகமும் பொறியியல் கல்லூரியும் தோன்றின. அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் பெயரை அவை தாங்கின. நாயுடுவே கல்லூரியின் முதல்வரானார்.

பொறியியல் பட்டம் பெற நான்கு ஆண்டுகள் பயில வேண்டும் என்பது நடைமுறை. முறையாகப் பயிற்றுவித்தால் இரண்டு ஆண்டுகளே போதும் என்பது நாயுடுவின் முடிவு. வானொலி, மோட்டார் வாகனம் ஆகிய துறைகளில் குறுகிய காலப் பயிற்சிகளை நடத்தித் தம் கருத்துக்கு வலுச் சேர்த்தார். ஏழை மாணவனுக்கு இரண்டு ஆண்டுகள் என்பது இரண்டு ஆண்டு வருவாய்; குடும்பம் அவனுக்காகக் காத்திருக்கும் காலம். மறுபுறம், அணையையும் பாலத்தையும் எழுப்புவோர்க்குக் கணிதமும் இயற்பியலும் ஆழமாக வேண்டும். அவை விரைந்து கைவருவன அல்ல. இரு தரப்பிலும் நியாயம் உண்டு. எனினும் கல்வியின் காலத்தை மறு ஆய்வு செய்ய அரசு முன்வரவில்லை. தாம் நம்பாத முறைக்குத் தலைமையேற்க விரும்பாத நாயுடு, பதவியிலிருந்து விலகினார். அவர் வளர்த்த கல்லூரி நிலைத்தது. இன்று கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியாகத் திகழ்கிறது.

எல்லார்க்கும் திறந்த வகுப்பறை

பதவி நீங்கியபின்னும் கற்பிக்கும் வேட்கை நீங்கவில்லை. 1967ஆம் ஆண்டு கோவையில் தொழிற்பொருட்காட்சியை நிறுவினார். நுழைவுத் தேர்வும் வயது வரம்பும் இல்லாத வகுப்பறை அது. எழுத்தறியாத உழவரும் தொடக்கப் பள்ளிச் சிறுவரும் இயந்திரத்தை அருகில் நின்று கண்டு, அஃது எவ்வாறு இயங்குகிறது என்று வினவ அங்கே வழி பிறந்தது. 1974ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள் நாயுடு மறைந்தார். அவர் பெயரால் அமைந்த அரங்கினைப் பள்ளி மாணவர்கள் இன்றும் கண்டு பயன்பெறுகின்றனர்.

எத்தனை ஆண்டுகள் கற்பது என்னும் வழக்கில் நாயுடு வெல்லவில்லை. ஆயினும், கற்றதைக் கொண்டு என்ன செய்ய இயலும் என்னும் அவரது வினா பழமையடையவில்லை. ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் அவ்வினாவைத் தமக்குத் தாமே எழுப்பிக்கொள்ளும் மாணவர்க்கு, பட்டறை மட்டுமன்று. வீடும் வயலும் தெருவும்கூடப் பள்ளியாகும்.